மீனுவுக்கு ஓமத் தண்ணீர் வேண்டாம்

அன்புள்ள மல்லி,

இங்கே எல்லாரும் நலம். பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்ற கோபத்தை நேரில் காட்டு. இப்போது நீ அனுப்பிய வீடியோவுக்கு வருகிறேன். உன் பூனைக்குட்டி மீனு தரையில் உருளுகிறாள், முன்பக்கத்தைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு மிதிக்கிறாள், இரவெல்லாம் கைக்குழந்தை மாதிரி கத்துகிறாள். உன் அம்மா வாயு என்று ஓமத் தண்ணீர் புகட்டுகிறார். அவளுக்கு வயிற்றில் ஒன்றுமில்லை, மல்லி. பருவத்துக்கு வந்திருக்கிறாள். ஓமத் தண்ணீரை இன்றோடு நிறுத்தச் சொல், பாவம்.

ஐந்து மாதக் குட்டிக்கா என்பாய். நான்கு மாதத்திலேயே வரும் பூனைகளும் உண்டு. கத்தல் ஒரு வாரத்தில் அடங்கும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வரும். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் பூனைகளுக்கு இது நின்றுபோகும். நமக்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேர வெளிச்சம். சிங்கப்பூர்ப் பூனைக்கு ஓய்வு மாதமே கிடையாது.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது மீனு இல்லை, வீடியோவின் ஓரத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்த சோமு. 'அண்ணன் தங்கைதானே, ஒன்றும் ஆகாது' என்று எழுதியிருக்கிறாய். முறை பார்ப்பது நாம். பூனைக்கு அண்ணனும் தெரியாது, மாமனும் தெரியாது. ஒரே வயிற்றில் பிறந்தவனாக இருந்தாலும் அவன் கடுவன், அவள் பெட்டை, அவ்வளவுதான்.

அதனால் இன்றிரவே இரண்டையும் பிரித்துவிடு. மீனு உன் அறையில், சோமு கூடத்தில். தனித்தனி மணல் தட்டு, தனித்தனி தண்ணீர்க் கிண்ணம். அறைக்குள் போகும்போது முதலில் சோமு எங்கே என்று பார்த்துவிட்டுக் கதவைத் திற. இணை சேர ஒரு நிமிடம்கூட வேண்டாம். அந்தச் செயலே அவளுக்குக் கருமுட்டையை வெளியேற்றிவிடும், நாள் கணக்கெல்லாம் பலிக்காது. சன்னல் வலையையும் நான்கு மூலையிலும் இழுத்துப் பார். பருவத்தில் இருக்கும் பூனை வெளியே போக வழி தேடும், நீ இருப்பதோ பதினோராம் மாடி.

கருத்தடைக்கு யாரை முதலில் அழைத்துப் போவது என்று கேட்டிருந்தாய். முடிந்தால் ஒரே நாளில் இருவரையும். ஒருவரைத்தான் முடியும் என்றால் மீனுவை. சோமுவுக்கு முடித்துவிட்டால் பயமில்லை என்று நினைக்காதே. விதைகளை எடுத்த பிறகும் குழாயில் தங்கிய விந்து சில வாரம் உயிரோடு இருக்கும், ஒரு மாதமாவது அவனைத் தள்ளித்தான் வைக்க வேண்டும். பருவத்தில் இருக்கும்போது அறுத்தால் ரத்தக் குழாய்கள் புடைத்திருப்பதால் கசிவு கொஞ்சம் கூடும், அதனால் சில மருத்துவர்கள் ஒரு வாரம் பொறுக்கச் சொல்வார்கள். பொறுக்கலாம், பிரித்து வைத்திருந்தால் மட்டும். ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மறைக்காமல் சொல். கருவின் தொடக்கத்திலும் இந்த அறுவையைச் செய்கிறார்கள், தள்ளிப்போடப் போடத்தான் கடினமாகும்.

இனி அம்மாவின் வாதம்: 'பெண்ணாய்ப் பிறந்தது, ஒரு தடவையாவது குட்டி போடட்டும்.' அந்த மனசு எனக்குப் புரிகிறது, அவரோடு சண்டை போடாதே. ஆனால் இதை உட்காரவைத்துச் சொல். பூனைக்கு வரும் மார்புக் கட்டிகளில் பத்துக்கு எட்டு ஒன்பது புற்றுநோய். ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்தால் அந்த ஆபத்து 91 விழுக்காடு குறைகிறது, ஒரு வயதுக்குள் என்றால் 86. இரண்டாம் வயதில் செய்தால் 11 விழுக்காடுதான் என்று ஓர் ஆய்வு காட்டியது. ஒரு பிரசவம் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று காத்திருக்கும் காலத்தில்தான் அந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகிறது. குட்டி போடுவதால் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை.

சரி, போட்டால் என்ன ஆகும்? ஒன்பது வாரத்தில் பிரசவம், நான்கு குட்டி என்று வைத்துக்கொள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைபிடிக்கும். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பூனை வளர்க்க அனுமதி வந்தது உனக்குத் தெரியும், வரம்பு இரண்டு. உன் வரம்பு இப்போதே நிறைந்துவிட்டது. நான்கு குட்டிக்கு நல்ல வீடு யார் தேடுவது? நம் கோமதி டீச்சர் தலையில் கட்டுவாயா? கடைசியில் புளோக்குக் கீழே ஒரு அட்டைப் பெட்டி. அதை நீ செய்யமாட்டாய், ஆனால் செய்கிறவர்களும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

பெட்டியைப் பற்றிச் சொன்னதும் நினைவு வந்தது: கீழே தூணருகில் படுத்திருக்கும் மஞ்சள் பூனையின் இடது காதை எவனோ வெட்டிவிட்டான் என்று கொதித்திருந்தாய். அது கருத்தடை ஆனதற்கு அடையாளம். மயக்கத்தில் இருக்கும்போதே நுனியை எடுத்துவிடுவார்கள், மறுபடி பிடித்து அறுக்காமல் இருக்க.

சரோஜா அக்காவின் பொம்மியைப் பற்றிக் கடைசி வரியில் எழுதியிருந்தாய். அதை நீ முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். ஒன்பது வயது ஸ்பிட்ஸ் நாய், கருத்தடை ஆகாதது, போன மாதம் பருவத்து உதிரம் பட்டது, இப்போது கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறது, சாப்பாட்டைத் தொடவில்லை. அக்காவுக்கு உடனே போன் செய்தேன், இன்று மாலையே மருத்துவரிடம் போகிறார். சிறுநீரகமாகவோ சர்க்கரையாகவோ இருக்கலாம், ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கருப்பையில் சீழ். பருவம் முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்தில், ஹார்மோனால் தடித்த கருப்பைக்குள் கிருமி ஏறிவிடும். சீழ் வெளியே வடிந்தால் கண்ணில் படும். கருப்பை வாய் மூடிக்கொண்டால் ஒரு துளியும் வராது, உள்ளேயே பெருகிக் கிழிந்தால் உயிர் போய்விடும். பெரும்பாலும் கருப்பையை எடுப்பதுதான் வைத்தியம். இளமையில் அரை நாளில் முடிந்திருக்கும் அதே அறுவை, இப்போது காய்ச்சலும் நச்சும் ஏறிய கிழட்டு உடம்பில். நீ கூடப் போ, அக்கா தனியாக இருக்க வேண்டாம்.

மீனு, சோமு விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் இரவு வழக்கம்போல் சாப்பாடு. நள்ளிரவுக்குப் பிறகு வேண்டாம், தண்ணீர் காலை வரை இருக்கட்டும். குட்டிகளுக்கு நீண்ட பட்டினி ஆகாது, சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று மருத்துவமனையில் கேட்டுக்கொள், காலையில் முதல் ஆளாக எடுக்கச் சொல். ரத்தப் பரிசோதனையைச் செலவு என்று தவிர்க்காதே. நுண்சில்லு (மைக்ரோசிப்) இன்னும் பொருத்தவில்லை என்றால் அதே மயக்கத்தில் போட்டுவிடலாம், பூனை உரிமத்துக்கு அது வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கட்டில், சோபா எதிலும் ஏற்றாதே. தள்ளாடி விழும். தரையில் துண்டு விரித்து, மின்விசிறி நேராகப் படாமல் படுக்க வை. முழுதாக விழித்த பிறகு வழக்கத்தில் பாதி உணவு. கழுத்துக் கூம்பைப் பரிதாபப்பட்டுக் கழற்றாதே. நாக்கு சொரசொரப்பு, பத்து நிமிடம் நக்கினால் தையல் பிரியும். பத்திலிருந்து பதினான்கு நாள் குளியல் இல்லை, தாவல் இல்லை. சோமுவுக்கு முதல் சில நாள் மணலுக்குப் பதில் கிழித்த காகிதம் போடு, துகள் காயத்தில் ஒட்டாது.

காலையும் மாலையும் காயத்தைப் பார். லேசான சிவப்பு சரி. வீங்கினால், ஒழுகினால், நாற்றம் வந்தால் உடனே கிளம்பு. ஈறு வெளுத்துச் சோர்ந்து கிடந்தால் உள்ளே ரத்தக் கசிவு என்று எடுத்துக்கொள், நடுராத்திரி என்றாலும் காத்திருக்காதே. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும் போன் செய். பனடோல் (பாரசிட்டமால்) மட்டும் கொடுத்துவிடாதே, மல்லி. கால் மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

இருவரையும் ஒரே நாளில் செய்யாவிட்டால் திரும்பி வந்தவரைப் பார்த்து மற்றவர் சீறும். மருந்து வாடை அவரை யாரோ தெரியாத பூனை மாதிரி காட்டும். ஒரே துண்டால் இருவரையும் துடைத்துவிடு.

பூனை குண்டாகிவிடும் என்று உன் தங்கை பயமுறுத்தினாளாமே. அவள் சொன்னது தப்பில்லை. கருத்தடைக்குப் பிறகு உடம்புக்குத் தேவையான தீனி இருபது முப்பது விழுக்காடு குறையும், பசி மட்டும் கூடும். கிண்ணத்தை நிரப்பி வைக்கும் பழக்கத்தை விடு. சமையல் தராசில் நிறுத்துப் போடு, மாதம் ஒரு தடவை எடை பார். சோமு சுவரில் பீய்ச்சத் தொடங்குவதற்குள் செய்துவிட்டால் பத்தில் ஒன்பது கடுவன்கள் அந்தப் பழக்கத்துக்கே போவதில்லை, உன் சாமி அறை தப்பும்.

நாளைக் காலை நேரம் வாங்கிவிட்டுத் தேதியை எனக்கு அனுப்பு. உன்னிடம் ஒரு கூண்டுதான் இருக்கிறது. இரண்டாவதை முதல் நாள் மாலை யீஷூனிலிருந்து கொண்டுவந்து தருகிறேன். பொம்மிக்கு என்ன சொன்னார்கள் என்று இன்றிரவே ஒரு வரி எழுது, எத்தனை மணியானாலும்.

உன்,
தேவி