கன்றுக்கு ஊசி எப்போது?

வேலூர்

அன்புள்ள முருகா,

கடிதம் கிடைத்தது. இரண்டும் கிடேரிக் கன்று என்று படித்ததும் மனசு நிறைந்தது. தோலில் கழலை கழலையாக வரும் மாட்டுப் பெரியம்மைக்கு அவற்றுக்கு இப்போதே தடுப்பூசி போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. தாய்க்கு ஊசி போட்டிருந்தால் கன்றுக்கு நான்கு மாதம் முடியட்டும். ஆறு மாதத்தைத் தாண்டவிடாதே. ஊசியே போடாத, நோயும் வராத தாயின் கன்று என்றால் காத்திருக்கத் தேவையில்லை, டாக்டரிடம் சொல்லி முன்னதாகவே போடலாம்.

காரணம் இதுதான். ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். அது உடம்பில் கொஞ்சம் பெருகினால்தான் எதிர்ப்பு சக்தி வரும். சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள் நிறைய இருக்கும்போது போட்டால், அதுவே ஊசி வைரஸை அடக்கிவிடும். நோட்டில் ஊசி போட்ட தேதி இருக்கும், உடம்பில் பிடித்திருக்காது. தாய் தந்த எதிர்ப்பொருளோ ஏறக்குறைய மூன்று வாரத்துக்கொரு முறை பாதியாகிக் கரைந்துபோகும்.

இதெல்லாம் சீம்பால் உரிய நேரத்தில் கன்றின் உள்ளே போயிருந்தால்தான். மாட்டுக்கு நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள் கன்றுக்குப் போகாது. நஞ்சு விழுந்த பிறகுதான் கன்றை ஊட்டவிட வேண்டும் என்று நம் பக்கம் இன்னும் சொல்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது. கன்றின் குடல் எதிர்ப்பொருளை முழுசாக உறிஞ்சுவது முதல் சில மணி நேரம்தான். ஒரு நாளில் அந்த வழி அடைபட்டுவிடும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் வேண்டும். அதில் பாதி, ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் போகட்டும். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் சீம்பால் மறுநாள் கறவையிலிருந்து போகட்டும். மிஞ்சினால் பாட்டிலில் ஊற்றி ஃப்ரீசரில் வை. எடுக்கும்போது வெதுவெதுப்பான நீரில் இளக்கு. காய்ச்சினால் திரிந்து வீணாகும்.

பெரிய மாடுகளுக்கு ரத்தம் எடுத்து எலிசா, அதாவது எதிர்ப்பொருளை அளக்கும் சோதனை, பார்ப்பது பற்றி: எதிர்ப்பொருள் குறைவாகக் காட்டினால் பாதுகாப்பே இல்லை என்று பயப்படாதே. இந்த நோயில் ரத்த அணுக்களின் நேரடி எதிர்ப்புக்கும் பெரிய பங்கு உண்டு.

ஊசி பிடிக்க மூன்று வாரம் ஆகும். ஐப்பசி மழையோடு கடி ஈயும் கொசுவும் பெருகுமுன் போட்டு முடி. ஈரச் சாணமும் மிச்ச வைக்கோலும் கலந்து கிடந்தால் அங்கேதான் ஈ முட்டையிடும். வாரம் ஒருமுறை வாரிவிடு. பொய்கைச் சந்தையில் வாங்கும் மாட்டை 28 நாள் தனியாகக் கட்டு.

கன்றுகள் பிறந்த தேதியையும் தாய்களுக்கு ஊசி போட்ட தேதியையும் எழுதி அனுப்பு. நாள் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்