இடுப்பில் கட்டிய மிதவை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம். போன மாதம் பேரப்பிள்ளைகளோடு விவேகானந்தர் பாறைக்குப் படகில் போனோம். சின்னவன் லைஃப் ஜாக்கெட் பட்டையைக் கட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தான். நான் அதட்டியதில் அழுதே விட்டான். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று உன்னிடம் சொல்ல வேண்டும்.

எல்.எஸ்.டி. 531 என்ற அமெரிக்கத் தரையிறக்கக் கப்பலைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். டாங்கிகளை வயிற்றில் சுமந்து வந்து, கரையில் ஏறி நின்று, முகப்புக் கதவைத் திறந்து இறக்கிவிடும் வகை. தட்டையான அடிப்பாகம், 100 மீட்டர் நீளம். கடலே இல்லாத இந்தியானா மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில் எவன்ஸ்வில் என்ற ஊரில் கட்டியிருக்கிறார்கள்! 1944 ஜனவரியில் கடற்படையில் சேர்ந்தது. ஏப்ரலில் அதன் கதை முடிந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரில், பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கும் படையெடுப்புக்கு முன், இங்கிலாந்தின் டெவன் கரையில் ஸ்லாப்டன் என்ற இடத்தில் ஒத்திகை. ஏப்ரல் 28 பின்னிரவில் இதுபோல எட்டுக் கப்பல்கள் லைம் விரிகுடாவில் வந்துகொண்டிருந்தன. காவலுக்கு ஒரே ஒரு சிறிய போர்க்கப்பல். வர வேண்டிய இன்னொன்று சேதமாகித் துறைமுகத்தில் நின்றுவிட்டது. ரேடியோ அலைவரிசையைத் தட்டச்சு செய்ததில் பிழை வேறு; அதனால் எச்சரிக்கை கப்பல்களுக்கு எட்டவில்லை. பிரான்சின் செர்பூர் துறைமுகத்திலிருந்து வந்த ஜெர்மன் டார்பிடோ படகுகள் இருட்டில் புகுந்து அடித்தன. 507 என்ற கப்பல் தீப்பற்றி எரிந்தது. 531 ஆறே நிமிடத்தில் மூழ்கியது.

என் மனசை அறுப்பது அதற்கப்புறம் நடந்ததுதான். வீரர்களுக்கு மிதவை கொடுத்திருந்தார்கள். எப்படிக் கட்டுவது என்று சரியாகச் சொல்லித் தரவில்லை. முதுகில் மூட்டை இருந்ததால் பலர் அக்குளுக்குக் கீழே கட்டாமல் இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். குளிர்ந்த நீரில் குதித்து அதைக் காற்றடைத்ததும் கால் மேலே, தலை கீழே. மிதக்க வைக்க வேண்டியதே கவிழ்த்துவிட்டது. அன்று மொத்தம் 749 பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள். முன்னே போயிருந்த 515-இன் தலைவர் ஜான் டாயில், ஆபத்து என்று தெரிந்தும் கப்பலைத் திருப்பி, நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கினார். அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. பிழைத்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவாம். அதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

நீ முப்பது வருஷம் கப்பலில் இருந்தவன். புதிதாக வரும் பையன்களுக்கு மிதவை கட்டச் சொல்லிக் கொடுத்தது நீதானா? எப்படிச் சொல்வாய் என்று எழுது. அடுத்த முறை சின்னவனை அதட்டாமல் சொல்லிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்