சோலை மரப் பட்டையில் வாழ்வனவற்றையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியிலும் பழனி மலையிலும் சீகை (வாட்டில்), கற்பூர (யூகலிப்டஸ்), பைன் ஆகிய அந்நிய மரங்களை அகற்றி, மலை மடிப்புகளில் வளரும் பசுமைமாறாச் சோலைக்காட்டையும் புல்வெளியையும் மீட்கும் பணி, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுகளாலும் அந்நியத் தாவரங்கள் குறித்துத் தமிழக அரசு 2022-இல் வெளியிட்ட கொள்கையாலும் வேகம் பெற்றிருக்கிறது. மிகவும் தேவையான பணிதான். ஆனால் எத்தனை ஹெக்டேரில் மரம் வெட்டினோம், எத்தனை நாற்று நட்டோம் என்ற இரண்டு கணக்குகளிலேயே அதைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுவதால், நாற்றங்காலில் வளர்த்து நட முடியாத ஓர் உயிரினக் குழு கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. முதிய சோலை மரங்களின் பட்டையில் படர்ந்திருக்கும் லைக்கன்களைச் சொல்கிறேன்.

பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் கூடி வாழும் உயிர்களே லைக்கன்கள். செட்டிநாட்டுக் குழம்பில் மணக்கும் கல்பாசியும் இவற்றுள் ஒன்று. பல இனங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. பூஞ்சையின் வித்து காற்றில் நெடுந்தூரம் போகலாம் என்றாலும், விழுந்த இடத்தில் அதற்கு ஏற்ற பாசி கிடைத்தால்தான் புதிய லைக்கன் உருவாகும். பூஞ்சையையும் பாசியையும் சேர்த்தே சுமந்து செல்லும் நுண்துகள்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அவை வித்துகளைவிடக் கனமானவை என்பதால் பெரும்பாலும் அருகிலேயே விழுந்துவிடுகின்றன. ஐரோப்பியக் காடுகளில் அருகிவரும் லோபாரியா என்ற லைக்கனை ஆராய்ந்தவர்கள், அது புதிதாகக் குடியேறும் மரங்கள் பெரும்பாலும் தாய் மரத்திலிருந்து சில பத்து மீட்டர் தொலைவுக்குள்ளேயே இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். லோபாரியா இனங்கள் நம் மலைச் சோலைகளிலும் உண்டு.

ஆகவே ஒரு சோலையின் முதிய மரங்கள் போய்விட்டால், அடுத்த சோலையிலிருந்து லைக்கன் வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. இடையில் நிற்பது கற்பூரத் தோப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பட்டையை உரித்து உதிர்த்துக்கொண்டே இருக்கும் மரத்தில், மெல்ல வளரும் லைக்கனால் நிலைத்துப் பற்றியிருக்க இயலாது.

அப்படியானால் அந்தத் தோப்பை உடனே வெட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். நீலப்பச்சைப் பாசியோடு கூடி வாழும் லைக்கன்கள் காற்றின் ஈரப்பதத்தை மட்டும் கொண்டு ஒளிச்சேர்க்கையைத் தொடங்க மாட்டா; அவை நீரில் நனைய வேண்டும், நனைந்த ஈரம் சிறிது நேரமாவது தங்கவும் வேண்டும். சோலையை ஒட்டி நிற்கும் சீகைத் தோப்பை ஒரே மூச்சில் மொட்டையடித்தால், வெயிலும் காற்றும் சோலையின் விளிம்புக்குள் புகுந்து அந்த ஈரத்தை உலர்த்திவிடும். தவிர, சோலை மரக் கன்றுகள் இத்தகைய தோப்புகளின் நிழலிலேயே முளைத்து வருவதை இரு மலைகளிலும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எனவே சோலை விளிம்புகளில் அந்நிய மரங்களைப் பல ஆண்டுகளில், படிப்படியாக அகற்றுவதே பொருத்தமானது. புல்வெளியாக இருந்த இடங்களுக்கு இந்தத் தயக்கம் தேவையில்லை. அங்கே சீகையை முழுமையாக அகற்றலாம், அகற்றவும் வேண்டும்.

தோப்புகளுக்கு நடுவே தனித்து நிற்கும் பழைய நாவல் மரமும் காட்டுப் பூவரசும் வெட்டும் பணியில் அடிபட்டுச் சாயாமல் காக்கப்பட வேண்டும். சுவீடனில் மரத் தொழிலுக்காகக் காட்டை வெட்டுபவர்கள்கூட 1990-கள் முதல் சில மரங்களை வெட்டாமல் விட்டு வருகிறார்கள்; மீட்டெடுப்புக்காகவே வெட்டும் நாம் அதைவிடக் குறைவாகச் செய்வது முறையல்ல. கல்பாசிக்காகச் சோலை மரங்களின் பட்டையைச் சுரண்டுவதும் கண்காணிக்கப்பட வேண்டும்.

லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் லைக்கன் ஆய்வுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வேலைத் திட்டம் இறுதியாகும் முன்பே அத்தகைய வல்லுநர்களைக் கொண்டு ஒவ்வொரு சோலை விளிம்பிலும் கணக்கெடுப்பு நடத்தி, காக்க வேண்டிய மரங்களுக்கு அடையாளமிட்ட பிறகே ஒப்பந்ததாரரைக் காட்டுக்குள் அனுமதிக்குமாறு வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குன்னூர்.