வரிசையில முன்னாடி நிக்கிற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்

வணக்கம். தமிழ்நாட்டுல டேக்வாண்டோங்கிற கொரிய தற்காப்புக் கலை கிளாஸ்ல பிளாக் பெல்ட் கட்டிக்கிட்டு, மாஸ்டர் வர்ற வரைக்கும் வார்ம்-அப் குடுத்து, சின்னப் பசங்கள அதட்டி வரிசையில நிக்க வைக்கிற எல்லா சீனியர்களுக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன். ரொம்ப நாளா மனசுல கெடந்த விஷயம்.

அப்போ எனக்கு 12 வயசு, யெல்லோ பெல்ட், ஆரம்ப நிலைதான். எந்த ஊரு, எந்த கிளாஸ்னு சொல்ல விரும்பல. ஒருநாள் பஸ் லேட்டாகி 5 நிமிஷம் தாமதமா போய் நின்னேன். மாஸ்டர் அன்னைக்கு வரல. சீனியர் அண்ணன் ஒருத்தர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டச் சொல்லி, உச்சந்தலைய சிமெண்ட் தரையில ஊனி, இடுப்ப மேல தூக்கி அப்படியே நிக்கச் சொன்னார். எவ்வளவு நேரம்னு ஞாபகம் இல்ல, கழுத்து பிடிச்சுக்கிட்டு ஒரு வாரம் ஸ்கூலுக்கே போகல. "கொரியால இப்படித்தான்டா, இதுதான் டிசிப்ளின்"னு அவர் சொன்னத நான் அப்படியே நம்பினேன், அதத்தான் இன்னும் என்னால தாங்கிக்க முடியல. டோபோக்க, அதான் டேக்வாண்டோ யூனிஃபார்ம, மடிச்சு பரண்ல போட்டதுதான், அதுக்கப்புறம் எடுக்கல.

18 வருஷம் கழிச்சு வேலைக்காக கொரியா வந்தேன், சுவோன் நகரத்துல வீடு. தெருமுனையில ஒரு கடைக்கு மேல மாடியில டோஜாங், அதாவது பயிற்சிக்கூடம், சாயங்காலம் ஆனா மஞ்சள் வேன்ல பசங்கள கூட்டிட்டு வந்து எறக்குவாங்க, ஒரு வருஷம் வெறுமனே நின்னு பார்த்துட்டு போயிட்டே இருந்தேன், அப்புறம் ஒருநாள் மனச தேத்திக்கிட்டு உள்ள போயி வொயிட் பெல்ட்லேர்ந்து ஆரம்பிச்சேன். எனக்கு முன்னாடி நின்னது ஒரு 10 வயசுப் பையன், இடுப்புல பாதி சிவப்பு பாதி கருப்பு. அதுதான் பூம் பெல்ட், 15 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு டானுக்கு, அதாவது பிளாக் பெல்ட் நிலைக்குப் பதிலா குடுக்குறது. வரிசைப்படி அவன் எனக்கு சீனியர். மொத நாள் நான் பெல்ட்ட தப்பா கட்டிக்கிட்டு முழிக்கிறத பார்த்துட்டு ஓடி வந்து, மண்டி போட்டு ஒக்காந்து, அவுத்து சரியா கட்டிவிட்டான். நம்ம நீ, நீங்க மாதிரி கொரிய மொழியிலயும் உண்டு, அங்க வினைச்சொல்லோட முடிவே ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறும், அவன் என்கிட்ட பேசினது முழுக்க மரியாதைப் பேச்சு. நானும் அவனுக்கு குனிஞ்சு வணக்கம் வெச்சேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, அந்த சிமெண்ட் தரைதான் கண்ணு முன்னாடி வந்துட்டே இருந்துச்சு.

அப்புறம் ஒருநாள் ஆபீஸ்ல, ராணுவ சர்வீஸ் முடிச்ச கொரிய நண்பர்ட்ட அந்த தண்டனைய பத்தி சொன்னேன். நான் கையால காட்டும்போதே அதோட பேர சொல்லிட்டார். வொன்சான் குண்டுவீச்சு. கொரியப் போர்ல குண்டு விழுந்த ஊரோட பேரு, பட்டாளத்துல புழங்குன தண்டனை. நாம கிக் பண்ணும்போது கத்துறோமே கிஹாப், அதே வார்த்தைக்கு கொரியால இன்னொரு அர்த்தமும் இருக்கு, மேல உள்ளவன் கீழ உள்ளவனுக்கு உடம்பு நோக குடுக்குற தண்டனை. ஆக அந்த அண்ணன் பொய் சொல்லல, அது கொரியாலேர்ந்து வந்ததுதான். ஆனா தற்காப்புக் கலையில பொறந்தது இல்ல, பட்டாளத்து சரக்கு.

எப்படி உள்ள வந்துச்சுன்னு யோசிச்சா புரியும். டேக்வாண்டோங்கிற பேர 1955-ல முன்வெச்ச சோய் ஹோங்-ஹி ஒரு ராணுவ ஜெனரல், ராணுவத்துக்குள்ளயே ஓ டோ க்வான்னு ஒரு பள்ளிய உண்டாக்கினவர், பட்டாளத்துக்காரங்கதான் இந்தக் கலைய வியட்நாம் வரைக்கும் கொண்டு போனாங்க. அதுக்கும் முன்னாடி, 1944-ல சுங் டோ க்வான்னு இன்னொரு பள்ளி ஆரம்பிச்ச லீ வொன்-குக் ஜப்பான்ல கராத்தே கத்துக்கிட்டு வந்தவர். டான் முறையே ஜூடோவுக்காக ஜப்பான்காரர் கானோ ஜிகோரோ 1883-ல கொண்டு வந்தது. பெரியவங்க சின்னவங்க வரிசைங்கிறது சீன அறிஞர் கன்பூசியஸ் வழியா கொரியர்கள் வாழ்க்கையில எப்பவோ ஊறிப்போனது. இதெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்சதுதான் இன்னைக்கு நாம மொத்தமா கொரிய மரபுன்னு சொல்றது, அதுல எந்த அடுக்க எடுத்துக்கணும், எத விடணும்னு யோசிக்கிற உரிமை நமக்கு இருக்கு.

சீனியருக்கு கொரியால சொன்பே, ஜூனியருக்கு ஹூபே. காலேஜ் பக்கம் போனா அடிக்கடி காதுல விழுற வாக்கியம் எது தெரியுமா, "சொன்பே, சாப்பாடு வாங்கிக் குடுங்க". புதுசா சேர்ந்த பசங்க கூச்சமே இல்லாம கேப்பாங்க, சொன்பே பர்ஸ எடுத்தே ஆகணும், அது அவன் கடமை. நம்ம கிளாஸ்ல குனிஞ்சு வணக்கம் வைக்கிறத கத்துக்கிட்டோம், ரெண்டு கையால குடுக்குறத கத்துக்கிட்டோம், பெல்ட் சரி பண்ணும்போது திரும்பி நிக்கிறத கூட கத்துக்கிட்டோம், எல்லாம் நல்ல பழக்கம்தான், ஆனா இந்த சாப்பாட்டுப் பாதிய யாரும் கொண்டு வரல. கீழ இருக்கிறவன் மேல இருக்கிறவனுக்கு செய்யவேண்டியது மட்டும் கப்பல் ஏறி வந்துச்சு, மேல இருக்கிறவன் செய்யவேண்டியது அங்கயே நின்னுபோச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் சொல்றேன். 1945-ல ஹ்வாங் கீ ஆரம்பிச்ச மூ டுக் க்வான் பள்ளியில ஒவ்வொரு டான்காரருக்கும் ஒரு வரிசை எண் உண்டு, டான் பொன்னு பேரு, ஆயுசுக்கும் மாறாது. ஒரே டான்ல ரெண்டு பேர் நின்னா, சின்ன எண் யாருதோ அவர் சீனியர், அவ்வளவுதான், குரல் ஒசத்தி நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்ல. இன்னொண்ணு, அவங்க கருப்பு பெல்ட் கட்டமாட்டாங்க, கரு நீலம்தான். கருப்புல மேற்கொண்டு எந்த நிறமும் சேராது, எல்லாம் முடிஞ்சுபோன மாதிரி ஆயிடும், கத்துக்கிறவனுக்கு முடிவு கிடையாதுன்னு ஹ்வாங் கீ நெனச்சார். டேக்வாண்டோ டான் சான்றிதழ் குடுக்குற குக்கிவொன் அமைப்போட விதியிலயும் இதே எண்ணம்தான் தெரியுது, 1ஆம் டான்லேர்ந்து 2-க்கு குறைஞ்சது 1 வருஷம், 2-லேர்ந்து 3-க்கு 2 வருஷம், 3-லேர்ந்து 4-க்கு 3 வருஷம், மேல போகப்போக காத்திருப்பு கூடும். எங்க டோஜாங்ல பசங்க ஒரு வருஷம் பக்கத்துல மொத பூம் வாங்கிடுறாங்க, அதனால அங்க பிளாக் பெல்ட்ட பார்த்து யாரும் பயப்படுறதில்ல. இப்பத்தான் எழுத்து படிச்சு முடிச்சிருக்கான், இனிமேதான் பாடம்னு எடுத்துக்குவாங்க.

கொரியால எல்லாம் சுத்தம்னு நான் சொல்ல வரல. காலேஜ் உடற்கல்வித் துறைகள்ல சீனியர்கள் பண்ற கொடுமைக்கு இங்க கெட்ட வார்த்தை சேர்த்து ஒரு பேரே வெச்சிருக்காங்க. 2020-ல டிரையத்லான் வீராங்கனை சோய் சுக்-ஹியோன், 22 வயசு, கோச்சும் டீம் சீனியரும் அடிச்சு கொடுமைப்படுத்தினதா புகார் மேல புகார் குடுத்தும் யாரும் காது குடுக்காம உயிர விட்டாங்க, அதுக்கப்புறம்தான் விளையாட்டுச் சட்டத்தையே மாத்தினாங்க. 2024-ல பேட்மின்டன்ல ஒலிம்பிக் தங்கம் வாங்கின அன் சே-யங், நேஷனல் டீம்ல சேர்ந்த காலத்துலேர்ந்து சீனியர்களுக்கு துணி துவைச்சு ரூம் கூட்டினதா செய்தி வந்தப்போ நாடே அத பத்தி பேசுச்சு. கொரியர்களே உதறித் தள்ளப் பாக்குறத நாம ஏன் பத்திரமா கட்டிக் காப்பாத்தணும்?

லீ டே-ஹூன் பேர நீங்க எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க, டேக்வாண்டோல உலக சாம்பியன் ஆன கொரியர். 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில ஜோர்டான்காரர் அஹ்மத் அபுகௌஷ் கிட்ட தோத்தார், 20 வயசுப் பையன், இவரவிட சின்னவன். தோத்த அடுத்த நிமிஷம் இவரே அந்தப் பையன் கைய புடிச்சு மேல தூக்கி காட்டி, கை தட்டினார். அந்த வீடியோவ கிளாஸ்ல ஒருதடவ போட்டுக் காட்டுங்க, தயவுசெஞ்சு.

உங்ககிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. மாஸ்டர் இல்லாதப்போ தண்டனை குடுக்குறத நிறுத்துங்க, யாராவது லேட்டா வந்தா ஏன்னு மொதல்ல கேளுங்க, பஸ் லேட்டா கூட இருக்கலாம். ஸ்பாரிங்ல க்ரீன் பெல்ட் புள்ளைய எதிர்ல நிக்க வெச்சு, அது ஒரு நல்ல கிக் போட்டுடுச்சுன்னு அடுத்த ரவுண்டுல ஃபுல் பவர்ல தலையில அடிக்கிறீங்களே, நான் கண்ணால பார்த்திருக்கேன், அந்தப் புள்ள அதுக்கப்புறம் நல்ல கிக் போடவே பயப்படும், உங்க கிளாஸுக்குத்தான் நஷ்டம். 40 வயசுல அம்மாவோ அப்பாவோ புதுசா வந்து சேர்ந்தா நீ, வா, போன்னு பேசாதீங்க, வரிசையில அவங்க பின்னாடி நிக்கட்டும், அது சரிதான், பேச்சுல மட்டும் "நீங்க"ன்னு போடுங்க. பாதியில விட்டுட்டு வருஷம் கழிச்சு திரும்பி வர்றவங்கள எல்லார் முன்னாடியும் கேலி பண்ணாதீங்க, திரும்பி வர்றதுக்கு அவங்க எவ்வளவு யோசிச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்.

போன மாசம்தான் எனக்கு 1ஆம் டான் வந்துச்சு. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அந்தப் பழைய கிளாஸுக்கு போகப்போறேன். எனக்கு முன்னாடி பிளாக் பெல்ட் வாங்கினவங்க 18 வயசா இருந்தாலும் முன்னாடி நிக்கட்டும், நான்தான் மொதல்ல குனிஞ்சு வணக்கம் வைப்பேன். ஆனா தலைய தரையில ஊனச் சொன்னா மாட்டேன், எனக்குப் பின்னாடி நிக்கிற பசங்களையும் ஊன விடமாட்டேன். கிளாஸ் முடிஞ்சதும் எல்லாரும் கெளம்பிடாதீங்க, யெல்லோ பெல்ட் பசங்களுக்கு அன்னைக்கு பரோட்டா என் செலவு.