பணிச்சுமையும் லத்தியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவல் நிலைய மரணங்கள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு மறுமொழியாகச் சென்ற வாரம் எழுதிய வாசகர் ஒருவர், இரவு பகல் பாராமல் வேலை வாங்கப்படும் காவலரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்டிருந்தார். அவருடைய கேள்வியில் இரக்கம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த இரக்கம் போய்ச் சேரும் இடம் தவறு என்று ஒரு தலைமைக் காவலரின் மகளாக நான் சொல்லியாக வேண்டும்.

சித்திரைத் திருவிழா பந்தோபஸ்துக்கு மதுரை போய்விட்டு மூன்றாம் நாள் விடியற்காலையில் திரும்பும் என் அப்பா, வீட்டுக்குள் வர மாட்டாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார். ஷூவைக் கழற்றினால் காலுறையோடு தோலும் சேர்ந்து உரியும். அம்மா கல்லுப்புப் போட்ட வெந்நீரை அலுமினியக் குண்டானில் கொண்டுவந்து வைப்பார். ஊறி வெளுத்த பாதங்களை அதற்குள் இறக்கும்போது அப்பா பல்லைக் கடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஆறுவதற்குள் அமைச்சர் வருகை என்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிட்ட நாள்களும் உண்டு. என் அக்காவின் திருமணத்துக்கு அவருக்குக் கிடைத்த விடுப்பு ஒன்றரை நாள். ஆகவே பணிச்சுமை என்பது கட்டுக்கதை என்று நான் சொல்லவில்லை. நாடு முழுவதும் காவலர்களிடம் பேசித் தயாரிக்கப்பட்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை ஒன்று, அவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 14 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் படித்து வியந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் களைப்பு ஒருமுறை என் தம்பியின் கன்னத்தில் இறங்கியது. சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிட்டான் என்பதற்காக விழுந்த அறை. காது வரை வீங்கிவிட்டது. மறுநாள் காலையில் அப்பா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "தப்பு என்னுதுடா" என்றார். முந்தைய நாள் முழுக்க வெயிலில் நின்றதையோ, இன்ஸ்பெக்டர் மெமோ கொடுத்ததையோ அவர் காரணமாகச் சொல்லவில்லை. ஏன் அடித்தோம் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் தெரிந்த காரணத்தை நியாயமாக்கிக்கொள்ள அவர் முயலவில்லை.

சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்வோம். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறித் தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட அவர்களில் மகன் 22-ஆம் தேதி இரவும் தந்தை 23-ஆம் தேதி காலையும் இறந்தார்கள். கொரோனா காலத்தில் காவலர்கள் பட்ட பாட்டை அப்போதும் பலர் எடுத்துச் சொன்னார்கள். ஆனால் கண நேரம் நிதானம் தவறிய கை ஓர் அடியோடு நின்றிருக்கும்; அங்கே அடி இரவு முழுவதும் விழுந்தது. சிந்திய இரத்தத்தை அடிபட்டவர்களையே துடைக்க வைத்தார்கள் என்று சிபிஐ தன் குற்றப்பத்திரிகையில் சொன்னது. அந்த நிலையத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். தடயத்தைத் துடைக்கச் சொல்லும் மனத்தைத் தன் வசம் இழந்த மனம் என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணாமல் போனது என்ற புகாரின்பேரில் காவலர்கள் விசாரித்தபோது இறந்த கோயில் காவலாளியின் உடலில் 44 காயங்கள் இருந்தன. அந்த எண்ணிக்கைக்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றையும் அந்த வாசகர் யோசித்துப் பார்க்க வேண்டும். விடுப்பு மறுத்த அதிகாரியை எந்தக் காவலரும் அறைவதில்லை. பந்தோபஸ்து வளையத்துக்குள் வண்டியை விட்டுவிட்டு அதட்டும் ஆளுங்கட்சிப் பிரமுகரிடம் கையெடுத்துக் கும்பிட்டு வழிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் எல்லா அழுத்தத்தையும் அடக்கிக்கொள்ள அவர்களால் முடிகிறது. ஹெல்மெட் இல்லாமல் வந்த கூலித் தொழிலாளியிடமும், சந்தேகத்தின்பேரில் பிடித்து வந்த இளைஞனிடமும்தான் அது வெடிக்கிறது. கேட்க நாதியில்லாதவன் யார் என்று கணக்குப் பார்த்து வெடிக்கும் கோபத்துக்கு மன அழுத்தம் என்று பெயர் சூட்ட என்னால் முடியவில்லை.

சட்டமும் இந்தச் சமாதானத்துக்கு இடம் தரவில்லை. கைதானவர் தப்பிவிடாமல் தடுப்பதற்குத் தேவையானதற்கு மேல் அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்; 2024-இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. ஒப்புதல் வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்துவது ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். திடீரென மூட்டப்பட்ட கடும் ஆத்திரத்தில் ஒருவர் கொலை செய்துவிட்டால் சட்டம் அதைக் கொலையிலிருந்து ஒரு படி இறக்கிப் பார்க்கும். ஆனால் அந்த ஆத்திரத்தை மூட்டியது தன் அதிகாரத்தைச் சட்டப்படி பயன்படுத்திய அரசு ஊழியரின் செயல் என்றால் அச்சலுகையும் கிடையாது. காவலர் எவ்வளவு எரிச்சலூட்டினாலும் கையை அடக்கு என்று குடிமகனுக்குச் சொல்லும் சட்டத்தின் கீழ், பயிற்சியும் சீருடையும் லத்தியும் கொடுக்கப்பட்டவருக்கு மட்டும் களைப்பின் பெயரால் விலக்குக் கேட்பது என்ன நீதி?

இதில் நம் பங்கும் இருக்கிறது. "கழிவறையில் வழுக்கி விழுந்தார்" என்ற குறிப்போடு, கையில் மாவுக்கட்டுப் போட்ட ஆளின் படம் வந்தவுடன் சிரித்துப் பகிர்கிறோம். வழுக்கிய தரை எது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கைதட்டலைக் கேட்டு வளரும் இளம் காவலருக்கு, அடிப்பதுதான் வேலை என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

சாத்தான்குளத்தில் அதே நிலையத்தில், அதே இரவில், அதே ஊரடங்குச் சுமையோடு ஒரு பெண் தலைமைக் காவலரும் பணியில் இருந்தார். நடுவர் வந்து கேட்டபோது, லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்ததை அவர் சொன்னார். சக காவலர்கள் வெளியே நின்று மிரட்டும் சூழலில், கையெழுத்திடவே அஞ்சியபடி அவர் அதைச் சொன்னார் என்று பதிவாகியிருக்கிறது. அவருக்கும் அழுத்தம் இருந்தது, மற்ற எவரையும்விட அதிகமாகவே. பணிச்சுமையில் யாராக இருந்தாலும் கை நீளத்தான் செய்யும் என்று நாம் எழுதும்போது, அவரையும் என் அப்பாவைப் போன்றவர்களையும் இல்லாதவர்களாக ஆக்கிவிடுகிறோம்.

காவலர்கள்மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள் கேட்க வேண்டியது வேறு. இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று தமிழக அரசு 2021-இல் ஆணையிட்டது. அந்த ஓய்வு பணிப் பட்டியலில் எழுதப்படுவதோடு நின்றுவிடுகிறதா, அந்த நாளில் அவரை மறுபடியும் பந்தோபஸ்துக்கு அழைக்கிறார்களா என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் மாவட்டத்துக்கு ஒரு காவல் நிலையத்திலாவது விசாரித்து வெளியிட வேண்டும் என்று வேண்டுகிறேன். அதோடு, காவல் நிலையங்களின் கேமராப் பதிவுகளை 18 மாதங்கள், குறைந்தது ஓராண்டாவது, பாதுகாத்து வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவு அதே நிலையங்களில் எந்த அளவில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்.