மருந்துச் சீட்டில் இன்னும் ஒரு வரி

மகளிர் நல மருத்துவர்களுக்கும் மருந்துக் கடை நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

வெள்ளைப்படுதலுக்காகப் போனபோது எனக்குக் கிளிண்டமைசின் க்ரீம் எழுதிக் கொடுத்தார்கள். ஏழு இரவு உள்ளே போட வேண்டும். பருத்தி உள்ளாடை, நிறையத் தண்ணீர் என்று மற்ற எல்லாவற்றையும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மருந்து முடிந்த இரண்டாம் நாள் ஆணுறை கிழிந்தது. அடுத்த மாதவிலக்கு வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை.

பிறகுதான் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். க்ரீமில் மினரல் ஆயில் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்) இருக்கிறது, அது ஆணுறை செய்யும் ரப்பரான லேடெக்ஸைப் பலவீனமாக்கும், மருந்து முடிந்து 72 மணி நேரம் வரை ஆணுறையை நம்ப வேண்டாம் என்று பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கிழிந்ததற்கு அதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் தெரிந்திருந்தால் அந்த மூன்று நாளும் விலகி இருந்திருப்போம்.

ரப்பரில் எண்ணெய் பட்டால் உப்பி இளகிவிடும் என்று சைக்கிள் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மினரல் ஆயில் பட்ட ஒரே நிமிடத்தில் லேடெக்ஸ் ஆணுறையின் வலு ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்தது. பூஞ்சைத் தொற்றுக்கு நீங்கள் தரும் க்ளோட்ரிமசோல் க்ரீமுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அப்புறம், நம் வீடுகளில் கைக்கு முதலில் எட்டுவது தேங்காய் எண்ணெய்தான். வறட்சிக்கு அதைத் தடவிக்கொள்பவர்களிடம், ஆணுறையோடு அது ஆகாது, தண்ணீர் கலவையில் செய்த ஜெல் வாங்குங்கள் என்று யார் சொல்கிறார்கள்?

விந்தணுவைக் கொல்லும் நோனாக்ஸினால்-9 கலந்தவற்றைக் கேட்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடிக்கடி பயன்படுத்தினால் உள்தோல் புண்ணாகும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்காது, அபாயத்தைக் கூட்டவும் கூடும்.

டாக்டர்களே, இந்த மருந்துகளை எழுதும் முன், "குழந்தை வேண்டாம்னு என்ன பயன்படுத்துறீங்க?" என்று கேளுங்கள். நாங்களாக வாய் திறக்க மாட்டோம், கூச்சம். கணவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் கூச்சம். ஆணுறை என்று பதில் வந்தால், மருந்து முடிந்து எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதைச் சீட்டிலேயே தமிழில் எழுதிவிடுங்கள். கடைக்காரர்களே, நீங்கள் மாத்திரை அட்டையில் "காலை 1, இரவு 1" என்று பேனாவால் எழுதித் தருகிறீர்களே, அதே பேனாவால் இந்தப் பெட்டியின் மேல் எழுதினால் போதும்: "மருந்து முடிந்து 3 நாள் ஆகும்வரை ஆணுறை கிழியலாம்."

இப்படிக்கு,
உங்களிடம் மருந்து வாங்கும் ஒரு பெண்