ஐஸ் ஹாக்கி அரங்கும் எழும்பூர் மைதானமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய விளையாட்டரங்குகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே சரி என்று தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை என்னால் ஏற்க இயலவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகர ஐஸ் ஹாக்கி அரங்கின் வரலாறு அதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது.

1962-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிடக் கலைஞர் பால் திரி வடிவமைத்த அந்த அரங்கம், 1994-95-இல் முதன்முறையாகப் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது. ஆனால், அப்போது கூடைப்பந்தை மட்டுமே மனத்தில் கொண்டு இருக்கைகளை அமைத்துவிட்டார்கள். கூடைப்பந்துக் களத்தைவிடப் பன்மடங்கு பெரியதான ஐஸ் தளத்தை ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் போட முடிந்தது. ஸ்கோர் போர்டோ தளத்தின் நடுவே இல்லாமல் தள்ளித் தொங்கியது. 2008-இல் கூடைப்பந்து அணி வேறு ஊருக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே உள்ளூர் ஹாக்கி அணியும் பக்கத்து ஊரான கென்ட்டுக்குச் சென்றுவிட்டது.

2018-இல் தொடங்கிய இரண்டாவது புதுப்பிப்பில், பாதுகாக்கப்பட வேண்டிய சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்த சுமார் 20,000 டன் எடையுள்ள கூரையைத் தற்காலிக இரும்புத் தூண்களில் நிறுத்திவைத்து, அதன் அடியில் மண்ணைத் தோண்டி, புதிய அரங்கையே எழுப்பினார்கள். 2021 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்த அரங்கில், கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்து அதைக்கொண்டே ஐஸ் தளம் அமைக்கிறார்கள். செலவு நூறு கோடி டாலரைத் தாண்டியது உண்மைதான். முதல் புதுப்பிப்பின்போதே ஹாக்கிக்காரர்களைக் கலந்து பேசியிருந்தால் அந்தச் சுமை வெகுவாகக் குறைந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

2007 ஆசிய ஹாக்கிக் கோப்பையை இந்தியா வென்ற நம் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானமும், 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்காகப் புதிய டர்ஃப் (செயற்கைப் புல்தளம்) விரித்துச் செப்பனிடப்பட்டது. அந்தக் கோப்பையும் நமக்கே கிடைத்தது. ஆட்டத்துக்கு முன் டர்ஃபை நனைத்தாக வேண்டும் என்பது ஹாக்கி ஆடுவோர் அனைவரும் அறிந்ததே. 2003-இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது; 2019-இல் குடிநீருக்கே தவித்த நகரம் இது. எனவே, அடுத்த முறை அங்கே பணி தொடங்கும்போது, கேலரிக் கூரைகளில் விழும் மழைநீரைத் தேக்கி டர்ஃபுக்குத் தெளிக்கும் ஏற்பாட்டையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றும், வரைபடம் முடிவாகும் முன்பே ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளர்களையும் மைதானப் பணியாளர்களையும் அழைத்துக் கேட்க வேண்டும் என்றும் அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹாக்கி ரசிகர்,
புரசைவாக்கம், சென்னை.